பலகைக் கணினியும் அதன் பற்றரியைப் பேணும் முறையும்

அரிசியிலே அகரம் எழுதித் தொடங்குவது நம்மவர் கல்வி. நம் முன்னோர் மணலில் விரலால் எழுதினர். பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். அதன்பின் சிலேற்றுப் பலகை வந்தது; அப்பியாசக் கொப்பி வந்தது. இன்று மாணவர் கையில் இருப்பது மற்றொரு பலகை. அதனைப் பலகைக் கணினி என்று நூலோர் கூறுவர். பிள்ளைகளோ 'ரப்' என்று சுருக்கிச் சொல்வர். மணலுக்கும் ஓலைக்கும் சிலேற்றுக்கும் இல்லாத ஒரு தேவை இப்புதிய பலகைக்கு உண்டு. அதற்கு உயிர் அதன் வயிற்றினுள்ளே மெல்லிய தகடுபோற் படிந்து கிடக்கும் பற்றரி. அது சோர்ந்தால் பலகையுஞ் சோரும். பாடக் குறிப்புகள், சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்கள், நூலகம் இணையத்தளத்திலிருந்து இறக்கி வைத்த அரிய பதிப்புகள் ஆகிய அனைத்தும் அதனுள் இருந்தும், ஒன்றும் இல்லாதது போலவே ஆகிவிடும்.

தமிழ் கற்பிக்கும் ஒருவன் பற்றரியைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. ஒரு பலகைக் கணினியின் கண்ணாடி உடையாமலும், பிற உறுப்புகள் பழுதுறாமலும், பற்றரி ஒன்றே கெட்டமையால் அது மூலையில் ஒதுக்கப்படுவதை நாம் பல வீடுகளிற் காண்கிறோம். பழைய மாணவர் பலர் கடல் கடந்து வாழ்ந்தும் கல்லூரியை மறவாது இத்தகைய கருவிகளை அனுப்பி வைக்கின்றனர். அவை இரண்டாண்டிற் பயனிழப்பதும், ஐந்தாண்டு உழைப்பதும் பெரும்பாலும் நாம் அவற்றைப் பேணும் முறையைப் பொறுத்தவை. மற்றொன்று வாங்கப் பொருள் வசதியில்லாத வீட்டில் இவ்வேறுபாடு ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்புக்கே உரிய வேறுபாடாகும்.

நாமும் பற்றரியும்

பற்றரியின் அருமையை நம் குடாநாட்டாரைப்போல் அறிந்தவர் சிலரே. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின், தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நமக்கு அற்றுப்போயிற்று. வடக்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் ரோச் பற்றரியும் ஒன்றாக இருந்தது. அக்காலத்திலே பருத்தித்துறை, தும்பளை, புலோலி, நெல்லியடி முதலிய ஊர்களிற் பிள்ளைகள் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். ஓய்ந்துபோன பற்றரியை வெயிலிற் காயவைத்து இன்னும் சிறிது நேரம் உழைப்பித்தனர். அவ்வாறு வளர்ந்த தலைமுறையே இன்று தந்தையராகவும் தாயராகவும் ஆசிரியராகவும் இருக்கின்றது.

அச்சிக்கனம் போற்றத்தக்கது. ஆயினும் அக்காலத்துப் பற்றரி வேறு, இக்காலத்துப் பற்றரி வேறு. அன்று பயன்தந்த வழக்கங்கள் சில இன்றைய பற்றரிக்கு நஞ்சாய் முடியும். ஒரு நோய்க்குரிய மருந்தை மற்றொரு நோய்க்குக் கொடுத்தல் ஆகாது. ஆகவே, எவ்வகைப் பற்றரிக்கு எவ்வகை இயல்பு உண்டென்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நால்வகைப் பற்றரிகள்

இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1800ஆம் ஆண்டில் நாகத் தகடுகளையும் பிற உலோகத் தகடுகளையும் அடுக்கி, இடையே உவர்நீரில் நனைத்த துணியை வைத்து, இடையறாத மின்னோட்டத்தை முதன்முதற் பெற்றார். அதன்பின் தோன்றியவற்றுள் நமக்குப் பழக்கமானவை நான்கு.

முதலாவது, பிரான்சிய அறிஞர் இலெக்கிளாஞ்சே 1866இல் அமைத்த கலத்தின் வழிவந்த ரோச் பற்றரி. இது ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததே. இளஞ்சூட்டினால் உள்ளேயுள்ள பொருள்களின் தாக்கம் சிறிது விரைவுபடும்; ஓய்வு கொடுத்தால் உள்ளே தேங்கியவை சிறிது பரவி வழிவிடும். வெயிலிற் காய்ந்த பற்றரி சிறிது நேரம் மீண்டும் எரிந்ததன் காரணம் இதுவே.

இரண்டாவது, பிளாந்தே என்பார் 1859இற் கண்ட ஈய அமிலப் பற்றரி. மோட்டார் வண்டிகளில் இருப்பது இது. இதனை எப்போதும் நிறைவாக வைத்திருத்தல் வேண்டும். வெறுமையாக விட்டால் ஈயத் தகடுகளிற் சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும்.

மூன்றாவது, நிக்கல் கதமியப் பற்றரி. பழைய கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் மின்னேற்றத்தக்க ரோச்சுகளிலும் இருந்தது இது. இடைக்கிடை இதனை முற்றாக வெறுமையாக்கி, பின்பு முற்றாக நிரப்புதல் நன்று என்று சொல்லப்பட்டது. 'முதன்முறை எட்டு மணித்தியாலம் மின்னேற்று. முற்றாக இறங்கும்வரை மீண்டும் மின்னேற்றாதே' என்று கடைக்காரரும் அயலவரும் இன்றும் சொல்லும் அறிவுரை இத்தகைய பழைய பற்றரிகளின் காலத்திலிருந்து எஞ்சி நிற்பது.

நான்காவது, நம் பலகைக் கணினியில் உள்ள இலிதியம் அயன் பற்றரி. விற்றிங்காம், குடினஃப், யோசினோ என்னும் மூவருடைய ஆய்வுகள் இதற்கு அடிப்படை. 1991ஆம் ஆண்டில் யப்பானியச் சோனி நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ரோச் பற்றரியின் இயல்பும், மோட்டார் பற்றரியின் இயல்பும், நிக்கல் கதமியத்தின் இயல்பும் இதற்குப் பொருந்தா. இது நடுநிலையை விரும்புவது. நிறைவிலும் துன்புறும், வெறுமையிலும் துன்புறும்.

உள்ளே நிகழ்வது

இதன் தொழிற்பாட்டை நம் கடற்கரை உவமை ஒன்றினால் விளக்கலாம். பற்றரியினுள்ளே இரு கரைகள் உள்ளன. ஒரு கரை பென்சிற்கரி எனப்படும் காபன் படைகளால் ஆயது. மறுகரை கோபாற்று முதலிய உலோகங்களின் ஒட்சைட்டால் ஆயது. இரண்டுக்கும் நடுவே மின்பகு திரவம் கடல்போல் நிற்கின்றது. இலிதியம் அயன்கள் வள்ளங்களைப்போல இக்கரைக்கும் அக்கரைக்கும் சென்று வருவன. மின்னேற்றும்போது அவை ஒட்சைட்டுக் கரையை விட்டுக் காபன் கரையிற் சென்று தங்கும். நாம் பலகையைப் பயன்படுத்தும்போது அவை மீண்டும் பழைய கரைக்குத் திரும்பும். அவ்வாறு திரும்புகையில் இலத்திரன்கள் வெளிக்கம்பி வழியே ஓடித் திரைக்கு ஒளியும் கருவிக்கு இயக்கமும் தருகின்றன.

எல்லா வள்ளங்களும் எந்நாளும் பழுதின்றிக் கரை சேர்வதில்லை. காபன் கரையின்மேல் மெல்லிய படலம் ஒன்று முதல் மின்னேற்றத்திலேயே உண்டாகின்றது. அது கரையைக் காப்பதற்கு வேண்டுவதே. எனினும் நாட்செல்லச் செல்லத் தடித்து, இலிதியத்திற் சிறிது சிறிதாகத் தன்னுள் அடக்கிக்கொள்ளும். அடங்கிய இலிதியம் மீண்டும் பயணத்துக்கு உதவாது. பற்றரி மூப்படைதல் என்பது பெரும்பாலும் இதுவே. இம்மூப்பை முற்றாகத் தடுக்க முடியாது. விரைவாக வராமற் காக்கலாம்.

மூப்பை விரைவுபடுத்துவன மூன்று. அவை வெப்பம், மிகு நிறைவு, மிகு வெறுமை என்பன.

வெப்பம்

வெப்பமே முதற்பகை. பற்றரியை ஓராண்டு பயன்படுத்தாது வைத்தால் எவ்வளவு கொள்ளளவு எஞ்சும் என்பதற்குத் துறையறிந்தோர் எடுத்தாளும் கணக்கு ஒன்று உண்டு. நூற்றுக்கு 40 வீதம் மின்னேற்றத்துடன் 25 பாகை செல்சியசில் வைத்தால் ஏறத்தாழ 96 வீதம் எஞ்சும். முழு நிறைவுடன் அதே வெப்பநிலையில் வைத்தால் ஏறத்தாழ 80 வீதமே எஞ்சும். வெப்பநிலை 40 பாகையானால், முன்னையது 85 வீதமாகவும் பின்னையது 65 வீதமாகவும் குறையும். பற்றரியின் வகைக்கேற்ப இவ்வெண்கள் சிறிது மாறுமாயினும், அவை காட்டும் உண்மை மாறாது. நிறைவும் வெப்பமும் ஒருங்கு சேர்வதே பெருங்கேடு.

நம் ஊரிலே சித்திரை, வைகாசி மாதங்களில் 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் சாதாரணம். தகரக் கூரையின் கீழ் அது இன்னும் மிகும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் உள்ளே 50 பாகையையும் தாண்டும். ஆதலின், பலகைக் கணினியை வண்டியில் விட்டுச் செல்லுதல், யன்னலோர வெயிலில் வைத்தல், குசினி அடுப்பருகே வைத்தல், தலையணையின் கீழோ படுக்கை விரிப்பின்மேலோ வைத்து மின்னேற்றுதல் ஆகிய அனைத்தும் விலக்கத்தக்கன. மின்னேற்றும்போது இயல்பாகவே சிறிது சூடு பிறக்கும். தடித்த உறை இருந்தால் அதைக் கழற்றி, மேசைமேல் அல்லது சீமெந்து நிலத்தின்மேல் வைத்தால் அச்சூடு எளிதில் நீங்கும். மின்னேற்றிக்கொண்டே விளையாடுதலும் காணொளி பார்த்தலும் இருமடங்கு சூட்டை உண்டாக்கும்.

பழைய வழக்கத்தை நினைந்து இப்பற்றரியை வெயிலில் வைத்தல் ஒருபோதும் கூடாது. சூடேறிய கருவியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தலுங் கூடாது. உள்ளே ஈரம் படிந்து வேறு பழுது விளையும். நிழலில் வைத்து ஆறவிடுதலே முறை. கனடா, நோர்வே முதலிய குளிர்நாடுகளில் வாழும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீர் உறையும் நிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றினால் இலிதியம் காபனுள்ளே புகாது மேலே உலோகமாகப் படியும். ஆகவே, வெளிக்குளிரிலிருந்து கொண்டுவந்த கருவியை அறை வெப்பத்துக்கு வரவிட்டபின்பே மின்னேற்றுக.

நிறைவும் வெறுமையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. இலிதியம் அயன் கலத்தின் சராசரி அழுத்தம் 3.7 வோல்ற்று அளவினது. முழு நிறைவில் அது 4.2 வோல்ற்றை அடையும். அவ்வுயர்ந்த அழுத்தத்தில் நெடுநேரம் நிற்றல் கலத்துக்கு இளைப்பைத் தரும். அடியோடு வெறுமையாதலும் அவ்வாறே. அன்றாடப் பயனுக்கு 20 வீதத்துக்குக் கீழ் இறங்காமலும் 80 வீதத்துக்கு மேல் ஏறாமலும் வைத்திருத்தல் நல்வழி. புதிய கருவிகள் பலவற்றில் 80 வீதத்துடன் மின்னேற்றத்தை நிறுத்தும் ஒழுங்கு அமைப்புகளில் உண்டு. அதனைத் தேடி இயக்கிவிட்டால் நாம் விழித்திருந்து பார்க்கவேண்டியதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். அடிக்கடி சிறிது சிறிதாக மின்னேற்றினால் பற்றரியின் ஆயுட்கணக்கு விரைவில் தீர்ந்துவிடாதோ என்பது அது. தீராது. மின்னேற்றச் சுற்று என்பது செருகியைச் செருகிய தடவைகளின் தொகையன்று. இன்று பாதியும் நாளை பாதியும் பயன்படுத்தி நிரப்பினால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்றாகும். சாதாரணப் பற்றரிகள் 300 முதல் 500 சுற்றுகளின் பின் தம் கொள்ளளவிற் குறிப்பிடத்தக்க பகுதியை இழக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் ஐபாட் பற்றரிகள் உகந்த நிலையிற் பயன்படுத்தப்பட்டால் 1000 சுற்றுகளின் பின்னும் 80 வீதக் கொள்ளளவைத் தாங்குமாறு அமைக்கப்பட்டவை என்கின்றது. மூன்று வேளை அளவோடு உண்பவன் ஒருவேளை வயிறு முட்ட உண்டு இருநாட் பட்டினி கிடப்பவனிலும் நலமாயிருப்பான். இப்பற்றரியும் அத்தகையதே.

ஒருநாட் பொழுதும் ஆயுட்காலமும்

பற்றரி நீடித்தல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒருமுறை மின்னேற்றியபின் எத்தனை மணித்தியாலம் உழைக்கும் என்பது ஒன்று. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மக்கள் ஒன்றென மயங்குவர். சிலவிடத்து இவை ஒன்றையொன்று முரணுவன. 100 வீதம் நிரப்பினால் அன்றைய பொழுது நீளும். நாள்தோறும் அவ்வாறு செய்தால் ஆயுள் குறுகும். எது எப்போது வேண்டும் என்று தேர்தலே அறிவுடைமை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டதை யாவரும் அறிவர். 2021ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலேயே நடைபெற்றது. பிள்ளைகள் ஆயத்தஞ் செய்த காலம் அவ்விருண்ட காலமே. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கு ஒன்றே காரணம் என்று அமைச்சர் கூறினார். குரங்கு முன்னறிவித்து வருவதில்லை! மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளிலும், புயல் எச்சரிக்கை உள்ள நாளிலும், பரீட்சைக்கு முந்திய நாளிலும் 100 வீதம் நிரப்புதலிற் குற்றமில்லை. நிரப்பிய பின் நெடுநேரம் வைத்திராது பயன்படுத்தத் தொடங்கினாற் போதும். மற்ற நாட்களில் 80 வீதமே அமையும்.

மின்வெட்டுக் காலத்தில் அறிந்திருக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. மின்னேற்றம் தொடக்கத்தில் விரைவாகவும் இறுதியில் மெதுவாகவும் நிகழும். நிறைவை நெருங்கும்போது கலத்தைக் காக்கும் பொருட்டுக் கருவி தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றது. ஆகவே மின்சாரம் ஒரு மணித்தியாலமே கிடைக்குமாயின், நிறைந்த கருவியை இன்னும் நிரப்ப முயலாது, குறைந்த கருவியை முதலிற் செருகுக. அதே நேரத்தில் மிகுந்த பயன் கிடைக்கும்.

ஒரு பொழுதை நீட்டிக்கும் வழி

இனி, நிரப்பிய மின்னைச் சிக்கனமாகச் செலவிடும் முறையைக் காண்போம். கணக்கு எளிது. பற்றரியின் மேல் 7000 மில்லியம்பியர்-மணி என்றும் 3.7 வோல்ற்று என்றும் எழுதியிருப்பின், இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுக்க ஏறத்தாழ 26 வாற்று-மணி வரும். கருவி 5 வாற்று வீதம் உண்ணுமாயின் ஐந்து மணித்தியாலம் உழைக்கும். 2 வாற்று வீதம் உண்ணுமாயின் பதின்மூன்று மணித்தியாலம் உழைக்கும். பற்றரி ஒன்றே; உண்ணும் அளவே வேறு.

பெருந்தீனி தின்பது திரையின் ஒளி. வெயிலிற் பார்க்க வைத்த முழு ஒளியை இரவிலும் அப்படியே விடுதல் வீண். அறைக்கு ஏற்றவாறு ஒளியைக் குறைத்து, 30 செக்கனிற் திரை தானே அணையுமாறு வைத்தல் வேண்டும். கறுப்புப் பின்னணி மின்னை மிச்சப்படுத்தும் என்று சொல்வதுண்டு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகைத் திரைக்கு அது பொருந்தும். பின்புறம் விளக்கு எரியும் எல்சிடி வகைத் திரையில், கறுப்பைக் காட்டும்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருத்தலால் பயன் சிறிது. மலிவான பலகைகளிற் பெரும்பாலானவை பின்னைய வகையினவே.

அடுத்த தீனி வானலைத் தொடர்பு. கைத்தொலைபேசி வலையமைப்பின் அலை மெலிந்த இடத்திற் கருவி கோபுரத்தை எட்டுவதற்குத் தன் குரலை உயர்த்தும். அதனால் மின் விரைவில் இறங்கும். வைஃபை கிடைக்குமிடத்தில் அதனைப் பயன்படுத்துதல் சிக்கனம். பாடக் காணொளியை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து ஓடவிடாது, ஒருமுறை இறக்கி வைத்து, விமான நிலை என்னும் ஒழுங்கை இட்டுப் படித்தால் இரட்டைச் சிக்கனமாம். மின்னும் மிஞ்சும், பணமும் மிஞ்சும். புளூடூத்து, இடங்காட்டும் வசதி ஆகியவற்றை வேண்டாதபோது அணைத்தல் நன்று.

செயலிகளை அடிக்கடி தள்ளி மூடுதல் மின்னை மிச்சப்படுத்தும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மை பெரும்பாலும் மறுதலையானது. மூடிய செயலியை மீண்டும் முதலிலிருந்து திறப்பதற்கே மிகுந்த மின் வேண்டும். அமைப்புகளிற் பற்றரி என்னும் பகுதியைத் திறந்தால், எச்செயலி எவ்வளவு உண்டது என்னும் பட்டியல் அங்கே இருக்கும். பயனின்றிப் பின்னணியில் மிகுதியாக உண்பதைக் கண்டு, அதனை மட்டும் கட்டுப்படுத்துக, வேண்டாததாயின் நீக்கிவிடுக.

மின்னேற்றி, வடம், வெளிப்பற்றரி

கருவியுடன் வந்த மின்னேற்றியையோ அதற்கு இணையான நம்பத்தக்க ஒன்றையோ பயன்படுத்தல் வேண்டும். நம் சுவர்ச் செருகியில் வருவது 230 வோல்ற்று. கருவிக்கு வேண்டுவது 5 வோல்ற்று அல்லது அதனைச் சிறிது கடந்த அளவு. இடையே நின்று காப்பது மின்னேற்றியே. பெயரில்லாத மலிந்த மின்னேற்றி அக்காவலைச் செவ்வனே செய்யாது. கருவிக்கு மட்டுமன்றி உயிருக்கும் அதனால் ஊறு நேரலாம். மின்பிறப்பாக்கியில் இயங்கும்போதும், மின்சாரம் மீண்டும் வந்த கணத்திலும் அழுத்தம் ஏறியிறங்குவதுண்டு. சில நிமிடம் பொறுத்துச் செருகுதல் பாதுகாப்பாகும்.

முனை முதலிய கரையோரங்களில் வாழ்வோர்க்கு உப்புக்காற்று ஒரு தனித் தொல்லை. வெளிச்சவீட்டின் அயலிலே இரும்புக் கதவு துருவேறுவது போல, செருகும் வாயிலின் உலோகமும் மங்கிக் கெடும். ஈரக் கையாற் செருகாமையும், பயன்படுத்தாதபோது உறையில் இடுதலும் உதவும். வாயிலுள் தூசி இருப்பின் கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய மரக்குச்சியால் மெதுவாக நீக்கலாம், ஊசி கூடாது.

வெளிப்பற்றரி வாங்குவோர் அதன் மேலுள்ள எண்ணைக் கண்டு மயங்குதல் ஆகாது. 10000 மில்லியம்பியர்-மணி என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ற்றுக் கலத்துக்குரிய கணக்கு. அஃது 37 வாற்று-மணி. அழுத்தத்தை உயர்த்துவதிலும் கடத்துவதிலும் ஒரு பகுதி வெப்பமாய்ப் போகும். எஞ்சுவது மேற்கூறிய 26 வாற்று-மணிப் பலகையை ஏறத்தாழ ஒருமுறை நிரப்பப் போதுமானது, இருமுறைக்கு எட்டாது.

நெடுநாள் வைத்தலும் ஆபத்தும்

பாடசாலை விடுமுறையிற் கருவிகளை அலுமாரியிற் பூட்டி வைப்போர், அவற்றை ஏறத்தாழ 50 வீதம் மின்னேற்றி, முற்றாக அணைத்து, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலாயின் மீண்டும் எடுத்து அதே அளவுக்கு நிரப்புக. வெறுமையாக வைத்தால், பற்றரி தானே மேலும் இறங்கி, மீட்க முடியாத நிலையை அடையும். அலுமாரியிற் கிடந்தே கெட்ட கருவிகள் பல இவ்வாறு கெட்டவையே.

பற்றரி மூப்படைந்து கெடும்போது சிலவேளை உள்ளே வாயு பிறந்து வீங்கும். திரை மேலெழுதல், பின்புற மூடி பிதுங்கல், மேசைமேல் வைத்தாற் கருவி ஆடுதல் ஆகியன அதன் அறிகுறிகள். அக்கணமே மின்னேற்றத்தை நிறுத்தி, கருவியை அணைத்து, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்தல் வேண்டும். ரோச் பற்றரியில் ஆணியால் துளையிட்டுப் பார்த்த பழைய கைவேலை இங்கே பெருந்தீமையாய் முடியும். இலிதியம் பற்றரியைத் துளைத்தாலும் நசுக்கினாலும் வளைத்தாலும் உள்ளே இரு முனைகளும் ஒன்றுபட்டு நெருப்புப் பற்றும். அதன் புகையும் நச்சுத்தன்மை உடையது. இதனைப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் வகுப்பிலும் தெளிவாகச் சொல்லிவைத்தல் பெரியோர் கடன்.

வீங்காது கொள்ளளவு மட்டும் குறைந்த பற்றரியாயின் கருவியை எறிந்துவிட வேண்டியதில்லை. தொழில் அறிந்தவரிடம் கொடுத்துப் புதுப் பற்றரி இடுவித்தால், பெரும்பாலும் புதுக் கருவியின் விலையிற் சிறு பகுதியோடு அது மீண்டும் உயிர்பெறும். கழித்த பற்றரியைக் குப்பையோடு எரித்தலும் பாழ்ங்கிணற்றில் எறிதலும் தகா. நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் நிற்பது. நாம் குடிக்கும் நன்னீர் அக்கல்லிடுக்குகளிலேயே தங்கியுள்ளது. மேலே எறிந்தது கீழே நம் கிணற்றுக்கே வந்துசேரும். மின்கழிவு சேர்ப்போரிடம் ஒப்படைத்தலே முறை.

பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம்

கல்லூரிக்குப் பலகைக் கணினி அன்பளிப்புச் செய்ய விழையும் அன்பர்கள் சிலவற்றைக் கருதுதல் நலம். பழைய கருவியாயின் அனுப்புமுன் பற்றரியின் நிலையைச் சோதித்து, மெலிந்திருப்பின் அங்கேயே மாற்றுவித்து அனுப்புக. உரிய மின்னேற்றியையும் வடத்தையும் உடன் வைக்க மறவற்க. விமானத்திற் கொண்டுவருவோர் வெளிப்பற்றரிகளையும் தனிப் பற்றரிகளையும் கைப்பொதியிலேயே கொண்டுவரல் வேண்டும். சரக்கறைப் பொதியில் இடுதல் விமானப் பயண விதிகளுக்கு மாறானது. 100 வாற்று-மணிக்கு உட்பட்டனவே பொதுவாகத் தனி அனுமதியின்றி ஏற்கப்படுவன. கருவிகளையும் கையிலேயே கொண்டுவருதல் நன்று.

நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைச் செல்லும் ஈரமும் தீண்டாது, எண்ணெய் பூசி, துணியிற் கட்டி, ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்துப் பேணினர். அவ்வாறு பேணப்பட்டவை எஞ்சின. பேணப்படாதவை எடுக்கும்போதே ஓரம் முறிந்து பொடியாயின. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கலித்தொகை முதலியவற்றை அச்சிற் கொணர்ந்தமைக்கு, அவ்வேடுகளை எவரோ சிலர் தம் வீட்டுப் பரணிற் காத்துவைத்ததும் ஒரு காரணமன்றோ? கல்வி நிற்கும் பொருள் மாறலாம். அதனைப் பேணும் கடமை மாறுவதில்லை. வெப்பம் தவிர்த்தல், நடுநிலை காத்தல், வேண்டும்போது மட்டும் நிரப்புதல், வீங்கியதை விலக்குதல் என்னும் இந்நான்கையும் ஒரு தாளில் எழுதி, கருவி வைக்கும் அலுமாரியின் கதவில் ஒட்டிவிட்டால், இன்று ஆறாம் வகுப்பிற் சேரும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அதே பலகை அவன் கையில் ஒளிர்ந்துகொண்டிருக்கக் கூடும்.